கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மணி,

இருபது வருசமா நல்ல மேய்ப்பனைப் பத்திப் பிரசங்கம் பண்றேன். ஆடு மேயறதை ஒருநாளும் நின்னு பாத்ததில்லை. நேத்து பெருந்துறைப் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டுல நின்னேன். சுத்தியும் கிளுவை முள்ளு வேலி, உள்ளே முப்பது ஆடு, மேய்க்க ஆளே இல்லை.

"ஏனுங்க, மேய்க்கறவங்க எங்கீங்க?"னு வேலிக்கு வெளியே நின்ன ஆட்டுக்கார அம்மாவைக் கேட்டேன்.

"எதுக்குங்க? வேலி பாத்துக்கும்."

"வேலி தாண்டிப் போயிட்டா?"

"பேரைச் சொல்லிக் கூப்புட்டுத் தேடோணுங்க. ஆடு வந்து மன்னிப்புக் கேக்குமுங்களா?"

உன் கல்யாணத்துலிருந்து, 'அவளே வந்து மன்னிப்புக் கேக்கட்டும்'னு உங்கம்மாகிட்ட நான் சொல்லிட்டிருக்கறது ஞாபகம் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பீளமேட்டுக்கு வாரேன். காந்திபுரத்துல எந்த பஸ் ஏறோணும்?

மாப்பிள்ளை பேரையும் எழுது கண்ணு. நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை.

அப்பா