இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி

இஞ்சேரும் பத்மா,

நீர் கண்மூடி, இப்படிக் கூப்பிட்டு ஏழு மாதமாகிறது. கூப்பிட்டால் குசினிக்குள் இருந்து "என்ன?" என்று ஒரு சத்தம் வரும். அதில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும். இப்போது என்மேல் எரிச்சல்படவும் வீட்டில் ஆளில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. என் குளிர்கோட்டின் நடுப்பொத்தான் விழுந்துவிட்டது. ஊசி தேடி, பேஸ்மென்றில் உம்முடைய தையல் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு கடை வைக்கக் காணும், அவ்வளவு ஊசி. அத்தனையும் தையல் மெஷின் ஊசி. மெஷின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கும், கையால் தைக்க உதவாது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. விரலில் குத்தியதுதான் மிச்சம்.

அடுத்த செய்தி உமக்குப் பிடிக்காது. உம்முடைய லப்ரொப் கொம்பியூட்டரில் நீர் எழுதி வைத்திருந்த நாவலை அபி கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் பள்ளிக்கூட நாளில் அஜின்கோர்ட் லைப்ரரியில் இருந்து அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்கள் நினைவிருக்கிறதா? உலகப் போர், குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம்பெண்கள், போர்முனைக்குப் போன காதலன். மகள் முடித்ததை நீர் பஸ்ஸில் படிப்பீர். ஒருநாள் கேட்டீர்: "உதுகளில எல்லாம் கடைசி அத்தியாயத்தில பெடியன் வந்திடுவான், என்ன?"

"வராட்டில் புத்தகம் விக்காது" என்றேன் நான். நீர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனீர். நல்ல பதில் சொன்ன திருப்தியில் நான் தேத்தண்ணி குடித்தேன்.

உம்முடைய நாவலும் அந்த வகைதான். பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணம், ஒரு ஊசிகூட உள்ளே வராது. கோதுமை மாச்சாக்குத் துணியில் புத்தகப்பை தைக்கும் பெண்பிள்ளைகள். மூன்று மெஷினுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஊசி. அதைக் கழற்றிக் கழற்றி முறை வைத்துத் தைக்கிறார்கள். அதுவும் முறிந்தால் ஒன்பது வீடுகளில் உலை வைக்க வழியில்லை. ரவி என்றொரு பெடியன் ஊசி வாங்கிவர, வள்ளமேறிக் கடல்நீரேரி கடந்து, பிறகு தரைவழியே வவுனியாவுக்குப் போகிறான். பதினெட்டு வயதுக்காரி ஒருத்தி, அந்த ஊசியின் பொறுப்பாளர், அவனை வழியனுப்பாமல் தலை குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தலை குனிவு எனக்குத் தெரியும். முப்பது வருடம் பார்த்தது.

என்னுடைய அந்தக் கட்டுரையை நீரும் மறந்திருக்க மாட்டீர். தமிழ்க்கடை வாசலில் சும்மா கிடக்கும் பத்திரிகையில், 'மூன்றாம் உலகப் போருக்கு என் மனைவி தயார்' என்று எழுதினேனே. கடைக்குக் கடை மலிவு விற்பனையில் ஊசி வாங்கிச் சேர்க்கும் பெண்மணியைப் பற்றி. மில்லிக்கனில் ஒரு பிறந்தநாள் வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். நீரும் சிரித்தீர். "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றீர். அதில் எழுத்துப்பிழை பார்த்துத் தந்தவரும் நீர்தான்.

ஏன் பத்மா, ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் நான் எழுதாமல் விட்டிருப்பேனா என்பது வேறு கேள்வி.

இருபத்திரண்டு அத்தியாயங்கள் முடித்திருக்கிறீர். இருபத்துமூன்றாவதில் ஒரே வரி: 'ஊசி வந்தது.' அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அபி அதை ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே பொறுப்பில் இருப்பது சென்னைப் பிள்ளை ஒன்று, நல்ல பிள்ளை. "அங்கிள், ரொம்ப அழகா இருக்கு. ஆனா முடிவே இல்லையே. படிக்கிற பசங்க ஒரு நம்பிக்கை எதிர்பார்ப்பாங்க. ரவி திரும்பி வந்துட்டா நல்லா இருக்கும். நீங்க எழுத்தாளர்தானே, ஒரு பத்து பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள். மாதமுடிவுக்குள் முடிவு வராவிட்டால் புத்தகம் இல்லை.

என்ன நடந்தது என்று அறிய வெக்ஸ்போர்ட்டுக்கு மலர் அக்காவிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் உம்மோடு பக்கத்து மெஷினில் இருந்தவர்; உமக்கும் எனக்கும் கலியாணம் பேசியவரும் அவர்தான். தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரே சொன்னார்.

"ஊசி வந்ததடா தம்பி. அந்தப் பெடியன் நெருப்புப்பெட்டிக்குள்ள வைச்சு ஆரோ ஒரு மனிசனிட்டக் குடுத்துவிட்டவன். அடுத்த வள்ளத்தில தான் வாறன் எண்டவனாம்."

"அடுத்த வள்ளம்?"

"அது வரேல்லை." என் கோப்பைக்குத் திரும்பவும் தேத்தண்ணி ஊற்றினார். "அவள் அந்த ஊசியால ரெண்டு வருசம் தைச்சவள். அழுததை நான் காணேல்லை. நீ உதைக் கிண்டாதை."

கிண்டாமல் விடலாம். ஆனால் புத்தகம் நிற்கிறது. அவன் செத்தான் என்று எழுத எனக்கு உரிமையில்லை, யாருக்கும் தெரியாது. அவன் வந்தான் என்று எழுதினால், நானும் அபியும் எங்கே போவது? ஆனாலும் எழுதினேன், பத்மா. உமக்காக அவனைக் கூட்டிவர மெய்யாகவே முயன்றேன். வள்ளத்தால் இறக்கினேன். நடத்தி வந்தேன். நீர் தைக்கும் வீட்டு ஒழுங்கை முகப்பில் நிறுத்தினேன். மழை வேண்டுமா என்று யோசித்து மழையும் பெய்வித்தேன். நீர் தலை நிமிர்ந்தீர். அவன் வாய் திறந்தான்.

அபி வாசித்துவிட்டு, "அப்பா, உது ரவி இல்லை. லிட்டரலி நீங்கள்தான் கதைக்கிறியள்" என்றாள்.

மாற்றி எழுதினேன். ஒன்பது தரம். எந்தப் பக்கத்தால் கூட்டி வந்தாலும், கடைசியில் நெருப்புப்பெட்டியோடு நான்தான் வந்து நிற்கிறேன். நையாண்டிக்காரனுக்கு வேறு குரல் இல்லையாம். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் எதிர்பார்த்து இருந்தது என்னை அல்ல என்பது வாசிக்கிற யாருக்கும் தெரியும்.

ஒன்பதையும் அழித்துவிட்டேன். பதிப்பகத்துப் பிள்ளைக்கு, "முடிவு வந்த வரைக்கும் இருக்கிறது, மேலே எழுத எழுத்தாளர் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவள், "சரி அங்கிள், கேட்டுப் பாக்குறேன்" என்றாள். அவர்கள் இப்படியே விட்டால் புத்தகம் வரும். விடாவிட்டால் அபியும் நானும் வாசித்ததோடு சரி.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ஒரு வரிக்குக் கீழே நான் ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன். எழுத்துப்பிழைகூடப் பார்க்கமாட்டேன், உமக்குப் பிழை வராது. லாச்சியில் இருக்கும் ஊசிகளில் ஒன்றும் வெளியே போகாது. கோட்டுக்கு இப்போதைக்குச் சட்டைப்பின் குத்தியிருக்கிறேன். பொத்தான் பொக்கற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது.

உம்முடைய கதைக்குள் வராத, வீட்டில் மட்டும் இடமிருந்த,
உம்முடைய மனிசன்