தோய்க்காத கோட்டு

18 நவம்பர் 1992, அம்பத்தூர்

என் கணவருடைய காக்கிக் கோட்டைக் கேட்டு ஏழுமலை வந்தான். அவர் இறந்த பிறகு பட்டறையை அவன்தான் நடத்துகிறான். ஆலைகள் கழித்துப்போட்ட கேட்டலிஸ்டை, அதாவது வினையூக்கியை, அமிலத்தில் கரைத்துப் பிளாட்டினம் எடுக்கும் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தரைத்தூசி, துடைப்பம், வேலைத்துணி எல்லாவற்றையும் எரித்து, அந்தச் சாம்பலையும் அமிலத்தில் போடுவார்கள்; இந்த முறை நாளைக்கு.

“கோட்டு பூரா பிளாட்டினம் ஊறிக் கீதும்மா. அய்யா சொல்லிக் குடுத்ததுதான். ஊட்ல வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்கோ?”

உண்மைதான். தோய்த்தால் உலோகம் சாக்கடைக்குப் போய்விடும் என்று கடைசிவரை அதை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. கான்வென்ட்டில் காலர் அழுக்கென்றால் வெளியே நிறுத்துவார்கள். அப்படி வளர்ந்தவள் நான். அந்த நெடிக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இன்று அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அமிலமும் அவருமாக இன்னும் அப்படியே இருக்கிறது.

அவராக இருந்தால் யோசிக்காமல் நெருப்பில் போட்டிருப்பார்.

“காலையில் வந்து வாங்கிக்கொள்” என்று சொல்லிவிட்டேன். மழை பெய்தால் வெளியே நெருப்பு மூட்டமாட்டார்கள். இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.