இளவரசர்கள் இருக்கும் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள பெரியவனுக்கு,

எனக்கு மறதி முற்றிவிட்டது, உன் அப்பாவின் ரோமானியப் பொற்காசைத் தொலைத்துவிட்டேன் என்று மாடி வீட்டம்மாள் உன்னிடம் சொன்னாளாம். தவறு. நல்ல நினைவோடு, நானே கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தேன். நகை மதிப்பீட்டாளராக ஊரார் தங்கத்தையெல்லாம் உரசிப் பார்த்தவர் தமக்கென்று வாங்கிய ஒரே தங்கம் அது. அதை எனக்குக் கொடு என்று நீயும் எழுதினாய், உன் தம்பியும் எழுதினான். நான் எப்படி இருக்கிறேன் என்று இருவரும் கேட்கவில்லை.

ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒன்றாக நேரில் போய்க் கேட்டால்தான் காசு திரும்பக் கிடைக்கும். தம்பிக்கும் இதே நிபந்தனையைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூட மாறவில்லை.

இருமல் குறைந்திருக்கிறது.

அம்மா


அன்புள்ள அம்மா,

அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன் அவன். அவனோடு சேர்ந்து ஒரு படிகூட ஏற மாட்டேன். விடுமுறையில் நான் மட்டும் வருகிறேன். நிபந்தனையை மாற்றிக் கொடு. விலைக்காகக் கேட்கவில்லை. சின்ன வயதில் காசின் பின்பக்கம் நிற்கும் அந்த இரண்டு இளவரசர்களைக் காட்டி, "இடப்பக்கம் நிக்கிறவன் நீதான்டா" என்பார் அப்பா. அதற்காகத்தான். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

பெரியவன்


ஏப்ரல் 11

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நேற்று காசைப் பார்க்கப் போனேன். சக்கரவர்த்தியின் முகம் மேலே இருக்கிறது. கிழவரான பிறகும் தம்மை வாலிபனாகவே அச்சடிக்கச் சொன்னவராம். இளவரசர்கள் இருக்கும் பக்கம் அடியில். அது தெரிவதற்காகக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். என் முதுகு படும் பாட்டைப் பார்த்துக் காவலாளி ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

"யாரும்மா அந்த ரெண்டு பேரும்?" என்றார்.

"என் பிள்ளைங்க."

வாயில் வந்துவிட்டது. மாடி வீட்டம்மாளிடம் சொல்லிவிடாதே.

வாரிசுகள் என்று கொண்டாடிய அந்த இருவரும் சக்கரவர்த்திக்கு முன்பே இறந்துபோனார்களாம். என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். இருந்தும், அவர்கள் சேர்ந்து நிற்பதை நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

உன் தம்பியும் எழுதியிருக்கிறான். அவனும் தனியாகத்தான் வருவானாம். இடப்பக்கம் நிற்பவன் அவன்தான் என்று அவனிடமும் அப்பா சொன்னாராம். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிகின்றன. எவன் நீ, எவன் அவன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நிபந்தனையை மாற்ற மாட்டேன். இருவரும் என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுது. முடியாது என்றால் அதையும் எழுது. போனில் வேண்டாம். தேதி போட்டு, உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா