மனுவில் மகள் நம்பர்

12, திங்கள்
நல்ல வெயில். கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். நீர்நிலைக் கட்சி சார்பில் மனு. வயலுக்கு வண்டல் என்று அனுமதி வாங்கிவிட்டு, எங்கள் ஏரியைத் தோண்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றுகிறார்கள். போனது மூன்று பேர்: தலைவர் (ரிட்டயர்டு கண்டக்டர்), பொருளாளர், ஒன்றியச் செயலாளராகிய நான். வண்டி வைத்திருப்பதால் வந்த பதவி.

வரிசையில் ஒரு அம்மா, "என்ன கட்சிங்க?" சொன்னேன். "அப்ப எங்க தெரு குழாயில தண்ணி வரலங்க, அதை உங்ககிட்டயே சொல்லிடட்டுங்களா?"

மனுவில் போன் நம்பர் எழுதச் சொன்னார்கள். என் போன் செத்து ஒரு வாரம். மெசேஜ் வருமே என்று மகள் கவிதா நம்பரை எழுதினேன். பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு வேறு.

வாங்க: கோழித் தீவனம், கவிதாவுக்கு ரெக்கார்டு நோட்டு.

13, செவ்வாய்
மேகம். கவிதா காலேஜிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, யாரோ போன் பண்ணாங்க. ஏரி மனு குடுத்தவங்களான்னு கேட்டாங்க. அவரு பொண்ணுன்னேன்."

"அப்புறம்?"

"இண்டூர்ல காலைல எட்டு பத்து பஸ் ஏறுற பொண்ணுங்களான்னாங்க."

மனு கொடுத்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. நம்பர் எப்படிப் போனது? தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். மனைவி மல்லிகாவிடம் வயிறு சரியில்லை என்றேன்.

14, புதன்
தூறல். எட்டு பத்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே மொபெட்டில் தர்மபுரி வரை. மேட்டில் பஸ் போய்விட்டது, நான் நின்றுவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் பிடித்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏங்க, டிக்கெட் மிச்சம் பண்றீங்களா?" பஸ்ஸே சிரித்தது. கவிதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பரவாயில்லை, கண்ணில் தெரிந்தாளே.

டீக்கடைப் போனில் தலைவரிடம் பேசினேன். "பயப்படாதீங்க, கட்சி உங்க பின்னால நிக்குது." திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆடு.

தீவனம் மறந்தேன்.

15, வியாழன்
காலை, கவிதா கிளம்பின பிறகு ஒருத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் விட்டார். மல்லிகா கொடுத்த தண்ணியைக் குடித்தார்.

"பாப்பா நல்லா படிக்குதுங்களா?"

"படிக்குதுங்க."

"நர்சிங்குங்களா. நல்லதுங்க. இந்தக் காலத்துல பொண்ணு தனியா போய் வரதுதான் கஷ்டங்க."

டேய் என்று கூப்பிட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒவ்வொரு 'ங்க'வுக்கும் எனக்கு வேர்த்தது. மனு வாபஸ் என்று டைப் அடித்த தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவருடையது. போகும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், அதுதான் வெட்கம்.

சாயங்காலம் கவிதாவிடம், "வாபஸ் வாங்கிட்டேன் கண்ணு. இனி பயமில்லை."

"சரிப்பா." சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த 'சரிப்பா' பிடிக்கவில்லை.

16, வெள்ளி
ஐந்தரை பஸ்ஸில் கவிதா இல்லை. பழக்கடைப் போனில் அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்டாப்பிலேயே நின்றேன். பழக்கடைக்காரர் ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன்.

ஆறேகால் பஸ்ஸில் இறங்கினாள்.

"எங்க கண்ணு போன?"

"கலெக்டர் ஆபீஸ். தபால் குடுக்குற இடத்துல மனு குடுத்தேன். என் பேர்ல. எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சில்ல."

"கட்சி பேரு போட்டியா?"

"கட்சி எதுக்குப்பா? ஏரி போதாதா?"

"நம்பர்?"

"என்னோடதுதான். வூட்டுல வேற யாரு போன் வேலை செய்யுது?"

திட்ட வாயைத் திறந்தேன். "டீ குடிச்சியா?" என்று வந்தது.

இப்போது ஏழு. அவள் குளிக்கப் போயிருக்கிறாள். அவள் போன் அலமாரி மேல் அடிக்கிறது. பெயர் இல்லாத நம்பர். நின்றது. மறுபடி அடிக்கிறது. நானே எடுக்கிறேன்.