அக்கா அளந்த முட்டி

12 பிப்ரவரி 2001, திங்கள்

சேலத்திலிருந்து வரும் தேன்மொழி அக்கா இன்று அம்மாவின் முட்டியை மறுபடி அளந்தார். மூட்டுவலிக்குப் பயிற்சி மட்டும் போதுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அது முடியும்வரை, மூட்டுவலிக்கு நாங்கள் குடிக்கும் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

இன்று முட்டி நன்றாக மடங்கியது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பு குடிக்கலீங்களே?"

"மோந்துகூடப் பாக்கலீங்க சாமி," என்றாள் அம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு."

குடிக்கவில்லை என்று நான் தலையாட்டினேன். காலையில்தான் அந்தக் கிழங்கின் ரோமத்தைச் சீவி, அம்மாவின் சூப்புக்கு இடித்துக் கொடுத்திருந்தேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "பாவம், இந்த மலைய ஏறி ஏறி வருது. பாஸாயிட்டுப் போகட்டுமே. நீ வாயத் தொறந்த, தோல உரிச்சுருவேன்."

ஆனால் அக்கா நாளை முதல் பஸ்ஸில் போய்ப் பேராசிரியர்களிடம் இதைச் சொல்லப்போகிறார். அப்புறம் எங்கள் மலையில் திருப்புலி நாட்டு ஊர்கள் முழுக்க, கிழங்கு வேண்டாம், பயிற்சியே போதும் என்பாராம். பெரியம்மா சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். அவளும் நம்பிச் சூப்பை விட்டுவிடுவாள்.

பஸ் கிளம்பும் முன் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் அம்மா எழுந்தால் முட்டி சொடுக்கும், எனக்குக் கேட்டுவிடும். இப்போது அந்தச் சத்தமே இல்லை. இதை எழுதும்போது அவள் என் பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது.