அமலாவின் மீன்குட்டைக்கு ஒரு மண்பாய்

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில். மேற்கே கொஞ்சம் மேகம்; பிடிக்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சி நிலத்தில் மீன்குட்டையை மறுபடி வெட்டி, பென்டோனைட் பாய் விரித்தாயிற்று. இரண்டு துணிகளுக்கு நடுவே களிமண் தூள் வைத்துத் தைத்த பாய். ஈரம் பட்டால் தூள் பருத்து அடைத்துக்கொள்ளும். ஆனால் முதலில் மேலே மண் பாரம் ஏறவேண்டும். அதுவரை ஒரு துளி படக்கூடாது.

மணல் பூமி. போன வருடம் நிரப்பிய தண்ணீர் ஒரே இரவில் போயிற்று. இந்த முறையும் நிற்காவிட்டால் மருமகள் அமலா பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விடுவாள். அவள் அக்கா அங்கே வேலை சொல்லி வைத்திருக்கிறாள். என் மனைவியும் மகனும் இறந்தபின், வீட்டில் சத்தம் என்றால் இவர்கள் இருவர்தான். ‘இரும்மா’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

பிளாஸ்டிக் ஷீட் போதும் என்றான் மனைவியின் தம்பி அந்தோணி. நண்டு துளைக்கும் என்றேன் நான். மாமா செராமிக் லேபில் வேலை பார்த்தவர் என்று அமலா என் பேச்சை நம்பிவிட்டாள். தவறாக இருந்தால்?

வாங்க: பல்பொடி, பிரஷர் மாத்திரை, உப்பு.

மே 13, செவ்வாய்

மண் டிராக்டர் வருமுன்பே போனேன். அமலா கையில் தண்ணீர்க் குழாய். கரையோரப் பாய் ஒன்று முழுக்கக் கொழகொழ.

“நேத்தே தெளிச்சுட்டேன் மாமா. மண்ணு ஊறுனாத்தான பதம் வரும்?”

களிமண் பொம்மைப் பட்டறையில் வேலை பார்ப்பவள். இந்த ஊரில் ஊறாத களிமண்ணை யார் தொடுவார்கள்? மழை படக்கூடாது என்று நாலு முறை சொன்னேன். தெளிக்காதே என்று சொல்லவில்லை.

டிராக்டரிலிருந்து இறங்கிய அந்தோணி: “என்னா மாமா, அல்வா கிண்டுறீங்களா? புள்ளைக்கு ஒரு துண்டு குடுங்க.”

அமலா அழுதுவிட்டாள். “காயப்போட்டா சரியாவாதா மாமா?”

ஆகாது. பாரம் இல்லாமல் பருத்த தூள் அடைக்காது. “மிச்சம் ஒரு சுருள் இருக்குதும்மா” என்று மட்டும் சொன்னேன். நனைந்ததை வெட்டி எடுத்தோம். புதுப் பாய், பழையதன்மேல் ஒரு அடி ஏறும்படி. இடையில், சேர்ப்பு அடைக்க, அதே களிமண் தூள் உலர்ந்தபடி. நான் தூவியது திட்டுத்திட்டாக விழுந்தது. அமலா வாங்கித் தூவினாள். அச்சில் பொடி தூவிப் பழகிய கை, அவ்வளவு சீர். உடனே மேலே மண்.

மே 16, வெள்ளி

நேற்று தண்ணீர் நிரப்பினோம். இன்று காலை விரலளவு குறைவு. அமலாவிடம் சொல்லவில்லை. குட்டை ஓரத்திலேயே ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தேன். வாளி ஒழுகாது. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் வெயில் குடித்தது. குட்டையில் அதிகம் குறைந்தால் என் பாய்தான்.

சாப்பிடவில்லை.

மே 17, சனி

ஒரே அளவு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஒரே அளவு.

அமலா பக்கத்தில் வந்து குனிந்தாள். “எதுக்கு மாமா வாளி?” சொன்னேன். வாளியையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நிக்குதா?”

“நிக்குது.” ‘என்று நினைக்கிறேன்’ சேர்க்காமல் சொன்னேன்.

அங்கேயே போன் போட்டாள். “அக்கா, வேற ஆளு பாத்துக்கச் சொல்லு. மீன்குஞ்சுக்குச் சொல்லப் போறேன். ஆமாக்கா, இங்கதான். வூட்ட வுட்டுட்டு எங்க வர்றது? மாமா வேற சோறு வெச்சாக் கூட நாலு தடவ கூப்புடணும்.”

நாளை பூசை முடிந்ததும் பேத்தியோடு மூவரும் வலை வாங்கப் போகிறோம். கொக்கு வராமல் மேலே கட்ட.