உதிர்ந்த ஏலப்பூ

அண்ணன் வெள்ளைத்துரை நேற்று இரவு போடிமெட்டு ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தான். தூக்குவாளியைத் தங்கை முன்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் அதைத் திறந்த பொன்னுமணிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தாவரவியல் பிராக்டிக்கலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவனுக்கு எழுதி வைத்தாள்:

"அண்ணே, குழம்பு அடுப்புல மூடியிருக்கு. வெளிய போனா சாவிய மாடக்குழியில வை.

பிராக்டிக்கலுக்குப் பூ கேட்டப்ப, ஒரு பூவப் பறிச்சா ஒரு காய் போச்சுன்னு போன வாரம் என்கூட மல்லுக்கு நின்ன. இப்ப தூக்கு நெறையப் பூ! அம்புட்டும் செடிக்கடியில தானா உதிர்ந்தது. காயாகப் போற அடிப்பாகம் பத்திரமா உன் செடியிலயே இருக்கு. நான் அறுத்துக் காட்ட வேண்டியதே அதைத்தான். பி.எஸ்சி. படிக்கிறது நானா, நீயா? எங்கண்ணன் கஞ்சன்னு பரீட்சையில எழுதி வைக்கவா?"

எழுதிவிட்டுத் தூக்கைக் கவிழ்த்தவள், சீட்டின் அடியில் இடுக்கி இடுக்கி எழுதினாள்:

"அடியில ஈரத்துணிக்குள்ள பூவும் ரெண்டு பிஞ்சுமா ஒரு சரம் முழுசா இருக்கே! ஒடிக்க எப்படிண்ணே மனசு வந்துச்சு? பூவை மட்டும் அறுத்துக்கிறேன். பிஞ்சு ரெண்டையும் சாயங்காலம் உன்கிட்டயே திருப்பிக் கொண்டாறேன், அழுவாத."